வலது விளக்கு எரியாத மாலை

பேசாமல் நிற்பதும் ஒரு பதிலாக இருக்க முடியுமா? ஒரு மாலை நேரத்தில், ஒரு காரின் பின்னால், கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் என் மகள் நின்றாள். சொல்லக்கூடாது என்று தெரிந்து நின்றாளா, அன்றைக்குச் சொல்ல எதுவும் வராமல் நின்றாளா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். படித்தவர்களிடம் கேட்டேன், வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டேன். அவரவருக்கு ஒரு பதில் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காரையும், அதற்கு நாங்கள் செய்த பின்விளக்குகளையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கல்லூரிக் காலத்திலிருந்தே அவருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் ஆசை. சென்னையில் யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில் தூசி படிந்து கிடந்ததைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தார். இடுப்பு உயரம்கூட இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வண்டி. அந்த மாடல் கார்களைச் செய்ததே கொஞ்சம்தான். செய்வதை நிறுத்தியும் ரொம்ப காலமாகிறது.

மாமனார் முன்னறைத் தறியில் பட்டு நெய்துகொண்டிருந்தவர், சத்தம் கேட்டு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு குந்தறதுக்கு ஒரு வண்டி. பொண்ணை இன்னா டிக்கியில போட்டுக்கினு போவியா?"

"நீயும் வா நைனா. கூரை மேல குந்திக்கோ."

எங்கள் தெருவில் காலை நேரத்தில் பாவு விரிப்பார்கள். நெசவுக்கான நீள நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது குறுக்கே ஒரு சைக்கிள் நின்றாலும் திட்டு விழும். அதனால் கார் தெருவில் நிற்க முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்துக்குள் மூக்கை நுழைத்து நிறுத்தினோம். அப்படி நிறுத்தினால் முன்பக்கம் சுவரைப் பார்க்கும், பின்பக்கம் தெருவைப் பார்க்கும். அந்தக் காரின் முகத்தை விட முதுகைத்தான் எங்கள் வீடு அதிகமாகப் பார்த்தது. அப்போது மகளுக்கு ஒன்றரை வயது.

முதுகில்தான் பழுதும் இருந்தது. இடது பின்விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, வலது பக்கத்தில் கண்ணாடியே இல்லை. உள்ளே இருந்த தகரக் கிண்ணம் துருப்பிடித்து, தொட்டால் துரு உதிர்ந்தது. புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் அலைந்தார், தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார், கிடைக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாமே செய்துவிடலாம், எல்இடி வைத்து, என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஏனாத்தூர் பக்கத்துக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச காலம் செல்போன் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். வரிசையில் வரும் போர்டை எடுத்து, மின்சாரம் கொடுத்து, வேலை செய்கிறதா இல்லையா என்று பார்த்து, பச்சைத் தட்டிலோ சிவப்புத் தட்டிலோ வைப்பது. மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். இது நீ படிச்சதுதானே என்று அவர் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது. பின்விளக்கு என்பது அலங்காரம் இல்லை. அவர் பிரேக் போடுவது பின்னால் வருகிற லாரிக்காரருக்குத் தெரிய வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது, மழையில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும், வெயிலில் எல்இடியின் வெளிச்சம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீதான் சரியான ஆளு" என்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தபோது மாமனார்தான் ஒரு கிராப் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். புடவைக் கரையில் வரும் கொடியையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாக வரையும் தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. விளக்கும் புள்ளிதானே, ஒரு கட்டத்துக்கு ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இடது கிண்ணத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி எடுத்து, தாளில் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். நடுவில் அகலமாக ஆரம்பித்து வண்டியின் ஓரத்துக்குப் போகப் போகக் குறுகும் வடிவம். வெளி ஓரத்தில் மட்டும் மஞ்சள் புள்ளிகள், இண்டிகேட்டருக்கு. அந்த மஞ்சள் ஒவ்வொன்றாக எரிந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. நான் அந்தப் புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து, ஒவ்வொரு கோவைக்கும் எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். காரில் பன்னிரண்டு வோல்ட் என்பார்கள், எஞ்சின் ஓடும்போது அது ஏறிவிடும். அதையும் தாங்க வேண்டும். சாதாரணமாக மங்கலாக எரியும் அதே சிவப்பு, பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று ஏற வேண்டும்.

கண்ணாடிக்கு சிவப்பு அக்ரிலிக் தகடும், இண்டிகேட்டர் ஓரத்துக்கு மட்டும் மஞ்சள் தகடும் வாங்கி வந்தார். அவற்றை வளைக்க நான் கேக் செய்ய வாங்கிய ஓவனைக் கேட்டார். மரத்தில் செதுக்கிய அச்சின் மேல் இளகிய தகட்டைப் போட்டு, கையுறையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் தகடு அப்பளம் போலக் கொப்புளித்தது. அடுத்ததில் அவர் விரல் ரேகை பதிந்துவிட்டது. அந்த ஓவனில் அப்புறம் நான் எதுவும் சுடவில்லை. வாடை போகவே இல்லை.

போர்டு செய்யச் சென்னையில் ஓர் இடத்துக்கு வரைபடத்தை அனுப்பினோம், இரண்டு வேண்டும் என்று. சின்னச் சின்ன எல்இடிகளை மேல்பக்கத்தில் மட்டும் வைத்து ஈயப் பற்றால் சாலிடர் செய்த போர்டுகள் வந்தன. இடது கிண்ணத்தில் வைத்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது. இரண்டாவதை வலது கிண்ணத்துக்குக் கொண்டுபோனார். குறுகலான முனை வண்டியின் நடுவைப் பார்த்து நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புடவைக்கு இரண்டு கரை இருந்தாலும் கிராப் ஒன்றுதான் போடுவார்கள். தறியில் நூல் கட்டும்போது ஒரு பக்கத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் மறு கரை தானாக எதிர்முகமாக வந்துவிடும். அந்த வீட்டில் யாரும் இரண்டு கரைக்கு இரண்டு படம் வரைந்ததே கிடையாது. மாமனார் ஒன்று வரைந்தார், என் கணவருக்கு அது போதும் என்றே தோன்றியிருக்கிறது, நானும் அந்த வீட்டுக்கு வந்து அப்படியே பழகிவிட்டேன் போல. போர்டைத் திருப்பிப் போட்டால் வடிவம் சரியாக வரும், ஆனால் விளக்கெல்லாம் வண்டிக்குள்ளே பார்க்கும்.

மாமனார் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "இன்னாமா இது, ரெண்டும் இடது கால் செருப்பா வந்துக்கினு இருக்குது" என்றார். அவர் சிரிக்க ஆரம்பித்து, அப்புறம் நாங்கள் மூவரும் சிரித்தோம். அவ்வளவு சிரித்த நாள் அந்த வருஷத்தில் வேறு இல்லை.

வலது பக்கத்துப் போர்டை நானே செய்கிறேன் என்று சொன்னேன். கல்லூரிப் பிள்ளைகள் பயன்படுத்தும் துளை போட்ட போர்டை ரிச்சி தெருவில் வாங்கி வந்து கொடுத்தார். அதை வடிவத்துக்கு அறுத்து, காலுள்ள எல்இடிகளை ஒவ்வொன்றாகச் செருகி, பின்னால் கம்பி இழுத்து இணைத்தேன். மகள் தூங்கும் மதிய நேரங்களில் சமையலறை மேடையில் வைத்து செய்தேன். எத்தனை மதியம் என்று எண்ணவில்லை. இடது பக்கத்தோடு ஒப்பிட்டால் என்னுடையது முரடாக இருந்தது. கண்ணாடியை மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது என்று அவர் சொன்னார். எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் மகளைப் பற்றிய கவலையும் வளர்ந்துகொண்டு வந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துவாள், அதனால் காது கேட்கிறது என்று தெரியும். விளையாட்டுச் சாமானைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பாள். பேச்சு இல்லை. அம்மா, அப்பா எதுவுமே இல்லை. இவனும் லேட்டாத்தான் பேசினான் என்று மாமனார் என் கணவரைக் காட்டிச் சொல்வார். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு கோயிலைச் சொன்னார்கள். நான் எல்லாக் கோயிலுக்கும் போனேன், டாக்டரிடமும் போனேன். இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரு போர்டை சிவப்புத் தட்டில் வைக்க ஒரு நொடி போதும். அந்த நினைப்பு அங்கே, அந்த அறையில் எனக்கு வந்தது. அதற்காக என்னை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

விளக்குகளைக் காரில் பொருத்தியது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. காரின் பின்விளக்கை ஒருவர் தனியாகச் சோதிக்க முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும். அவர் உள்ளேயிருந்து "எரியுதா?" என்பார். நான் "எரியுது" என்பேன். இண்டிகேட்டர் முதல் நாள் படபடவென்று அடித்துக்கொண்டது. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷருக்குப் பல்பு இழுக்கும் அளவு கரண்ட் வேண்டும், எல்இடிக்கு அவ்வளவு தேவையில்லாததால் பல்பு போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கும். மகள் என் இடுப்பில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தாள். வேறு ஃபிளாஷர் மாற்றியதும் நிதானமானது. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்தோம், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு மாலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் கூப்பிட்டாரே என்று ஓடி வந்து நின்றிருந்தேன். என் கவனமெல்லாம் பாலில் இருந்தது. அவர் "எரியுதா?" என்றார். நான் சொல்லத் தாமதித்தேன். என் இடுப்பிலிருந்து "ஏய்து" என்று ஒரு குரல் வந்தது.

நான் அசையவில்லை. அவருக்கும் கேட்டிருக்கிறது. ரொம்ப மெதுவாக, மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அவர் இறங்கி ஓடி வருவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. அந்தச் சிவப்பு வெளிச்சம் எங்கள் இருவர் மேலும் அப்படியே நின்றது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த வாடை வந்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு தினமும் அது நடந்தது. அவர் வேலைவிட்டு வந்ததும் யூனிபார்மோடே காரில் ஏறி உட்காருவார். மகள் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பாள். விளக்குக் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். கேட்பார், சொல்வாள். வேறு எதற்கும் பேச மாட்டாள், அதற்கு மட்டும் சொல்வாள். மாமனார் தறியை விட்டு எழுந்து வாசலில் வந்து நிற்பார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவின் கேள்விக்கு ஒரு பெண் பதில் சொல்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் தடவையாக வண்டியை வாலாஜாபாத் வரை ஓட்டிவிட்டு வந்தார். அன்று மாலையும் வழக்கம் போல மகளைப் பின்னால் நிறுத்திவிட்டு நான் சமையலறைக்குப் போயிருந்தேன். அவர் "எரியுதா?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. அவர் குரல் மாறுவது எனக்கு உள்ளே கேட்டது.

"எரியுதாம்மா? தங்கம், சொல்லும்மா. எரியுதா?"

நான் ஈரக் கையோடு ஓடி வந்தேன். அந்த ஒரு சொல்லும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சில குழந்தைகளுக்கு வந்த பேச்சும் நின்றுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அவள் கண்ணாடியில் கன்னம் வைக்காமல் ஒரு அடி தள்ளி நின்றிருந்தாள். இடது விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வலது விளக்கு, நான் செய்தது, இருட்டாக இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது எரியலங்க" என்றேன்.

கழற்றிப் பார்த்தேன். வண்டி ஓடிய அதிர்வில் கம்பி சேரும் இடத்தில் சாலிடர் விட்டுப்போயிருந்தது. மறுநாள் சரிசெய்து மாட்டினோம். அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டார். "ஏய்து" என்றாள்.

மாமனாருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. "எரியல, அதனால சொல்லல. என் பேத்தி பொய் சொல்ல மாட்டா. இதுல இன்னாம்மா சந்தேகம் உனக்கு?" என்றார்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. இடது எரிந்துகொண்டுதானே இருந்தது, ஏன் சொல்லவில்லை? களைப்பாக இருந்திருக்கலாம். நான் பக்கத்தில் இல்லாதது காரணமாக இருக்கலாம். என் கணவர் சுலபமான வழி ஒன்று சொன்னார். ஒரு கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். எரியாதபோது சொல்லாமல் இருந்தால், எரியும்போது சொன்னால், அவள் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். அது என் வேலைதான். நான் வருஷக்கணக்காகச் செய்த வேலை. ஆனால் நான் வேண்டாம் என்றேன். குழந்தையைச் சோதித்துப் பார்ப்பதா என்று கேட்டேன். உண்மை அது இல்லை. இருட்டு விளக்கைப் பார்த்து அவள் "ஏய்து" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

பேச்சுப் பயிற்சிக்காக அவளை ரயிலில் தாம்பரம் பக்கம் அழைத்துப்போக ஆரம்பித்திருந்தோம். பயிற்சி கொடுப்பவர் என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர், அன்பானவர். மகள் அவர் மடியில் தானாகப் போய் உட்காருவாள். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். விளக்கைப் பற்றி, அந்தச் சொல்லைப் பற்றி, சொல்லாமல் நின்ற மாலையைப் பற்றி. அவள் எவ்வளவு நேரம் காரின் பின்னால் நிற்கிறாள் என்று அவர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். விளக்கை அணைத்தால் தரையில் விழுந்து தலையை மோதிக்கொள்வதையும், சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் ஊட்ட வேண்டியிருப்பதையும், யார் முகத்தையும் பார்ப்பது குறைந்துபோனதையும் சொன்னேன். அதெல்லாம் உண்மைதான்.

"அது எக்கோம்மா. நீங்க சொல்றதைத் திருப்பிச் சொல்றா. அன்னைக்குச் சொல்லாதது தற்செயலா இருக்கலாம், அது மேல நம்பிக்கை வைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு அந்த வண்டி அவ கண்ணுல படாம இருந்தா நல்லது."

பிறர் சொன்னதைச் செய்கிறவள் நான். பள்ளியிலும் அப்படி, மருமகளாகவும் அப்படி. முதலில் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். அவள் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அதனால் வண்டியையே அனுப்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். தென்னேரியில் கணவரின் நண்பர் ஒருவருக்கு ஏரிக்கரை ஓரம் ஷெட் ஒன்று இருந்தது. மகள் பயிற்சிக்குப் போயிருந்த நாளில் என் கணவர் வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டார்.

நாங்கள் ரயிலில் திரும்பி வந்தபோது சந்து காலியாக இருந்தது. அவள் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். அழவில்லை. நான் எதிர்பார்த்த எதையும் செய்யவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றாள். மாமனாரால் அதைப் பார்க்க முடியவில்லை. சாயங்காலமானால் தறியைவிட்டு எழுந்து குளத்துப் பக்கம் போய்விடுவார். சில வாரங்கள் அப்படி நின்றாள். பிறகு ஒருநாள் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. நின்றபோது இருந்ததைவிட, நிற்பதை விட்டபோதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

அந்தச் சொல் அதற்குப் பிறகு வரவில்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. இப்போது அவளுக்கு நாலரை வயது. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் கை காட்டுகிறாள். மாமனார் கொடுக்கும் பட்டு நூல் துண்டுகளை நிறம் பிரித்து வைக்கிறாள், தப்பே வராது. முகத்தைக்கூடச் சில நேரம் பார்க்கிறாள். பயிற்சி கொடுப்பவர் முன்னேற்றம் என்கிறார். அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதால்தான் இதெல்லாம் வந்திருக்கலாம். ஒரு சொல்லைக் கொடுத்து இதையெல்லாம் வாங்கிக்கொண்டோமா என்பதும் தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் பக்கம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றிருந்தேன். முன்னால் ஒரு பேருந்து பிரேக் போட்டு நின்றது. பின்விளக்கு இரண்டும் சிவப்பாக ஏறின. அவள் அதைப் பார்த்தாள், உடம்பு விறைத்தது. நான் யாருக்கும் கேட்காதபடி அவள் காதில் "எரியுதா?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை என் வாய் மேல் வைத்து மூடினாள். பேருந்து கிளம்பிப் போகும் வரைக்கும் எடுக்கவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

என் கணவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னேரிக்குப் போய் எஞ்சினை ஓடவிட்டு வருவார். வந்ததும் மகள் அவர் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அவர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாலும் முகர்ந்து பார்ப்பாள். விளக்கு இரண்டும் எரிகிறதா என்று நான் அவரிடம் கேட்பதில்லை. தனி ஆளாக அவரால் அதைப் பார்க்கவும் முடியாது.

போன வாரம் தென்னேரி நண்பர் போனில் கூப்பிட்டிருந்தார். டிராக்டர் வாங்குகிறார்களாம், ஷெட் வேண்டுமாம். அறுவடைக்குள் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வண்டியை வேறு எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேலூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பின்விளக்குகளுக்காகவே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். விளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டேன். வண்டியோடுதான் வேண்டும் என்கிறாராம். ஆக, ஒன்று வண்டி வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் போய்விடும். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீதான் நாள் முழுக்க அவகூட இருக்கிற. நீ சொல்லு" என்று என் கணவர் என்னிடம் விட்டுவிட்டார். மாமனார் கொண்டாந்து நிறுத்து என்கிறார். பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, இப்போது எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தன்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்றார். அம்மாவுக்குத் தெரியவில்லை.

கொண்டுவந்தால் பழையபடி சாப்பாடு, தூக்கம், முகம் பார்ப்பது எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விற்றுவிட்டால், அவள் எங்களோடு பேசிய ஒரே இடத்தை நானே கொடுத்துவிட்டேன் என்று ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு குழந்தையை வளர்ப்பவர்கள், வளர்த்து முடித்தவர்கள், சின்ன வயதில் நீங்களே இப்படி இருந்து இப்போது இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உங்கள் பிள்ளை விரும்பிய ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தீர்களா? கொடுத்தபோது என்ன ஆனது? வேண்டாம், விற்றுவிடு என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன். கொண்டுவா என்று சொல்பவர்கள் எப்படி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் அவளைத் தென்னேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதா, அல்லது சந்தில் நிறுத்திவிட்டு அவளாகப் பார்க்கட்டும் என்று விடுவதா? அவர் உள்ளே உட்கார்ந்ததும் பழையபடி கேட்கலாமா, அவள் சொல்லும் வரைக்கும் ஒன்றும் கேட்காமல் காத்திருக்க வேண்டுமா? அறுவடைக்கு அதிக நாள் இல்லை.